கம்பளிக்காரர் வீதியின் பளபளப்பு

கோயம்புத்தூரில், ஃபவுண்டரிகளின் கரி படிந்த சுவர்களுக்குப் பின்னால், கம்பளிக்காரர் வீதி என்று ஒரு வீதி உண்டு. அங்கே இன்றைக்கு எந்த டம்ளரும் மின்னாது, எந்தக் கண்ணாடியும் முகம் காட்டாது, அன்றைக்குப் பறித்த கத்தரிக்காயும் ஒரு வாரத்துச் சரக்கைப் போலக் கூடையில் கிடக்கும், எண்ணெய் வழியச் சீவிய பெண்பிள்ளைகளின் தலையைப் பார்த்து எண்ணெயே காணாத தலை என்று வெளியூர்க்காரர்கள் பரிதாபப்படுவார்கள். ஏன் இப்படி என்று கேட்டால் வீதிக்காரர்கள் தெய்வாத்தாளைக் கை காட்டுவார்கள். அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் காட்டிய கையை மடக்கிக்கொண்டு மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். அவர் பெயர் விஜயரங்கன்.

விஜயரங்கனுக்கு வயது அறுபத்திரண்டு, இன்னமும் எல்லோருக்கும் சின்ன மொதலாளி. தாத்தா கட்டிய மில்களில் இரண்டு கல்யாண மண்டபமாகி, ஒன்று ஆஸ்பத்திரியாகி, கடைசி ஒன்று மட்டும் அவருடைய பழைய கார்கள் நிற்கும் கொட்டகையாக மிச்சமிருந்தது. நூல் மிஷின்கள் ஓடிய இடத்தில் பதின்மூன்று கார்கள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கின. அவற்றில் ஒன்று, இத்தாலிக்காரன் செய்த இரண்டு சீட்டுப் பந்தய வண்டி, அவருடைய அப்பா வாலிபத்தில் ஓட்டி ஊர் நாய்களையெல்லாம் ஓரங்கட்டியது. அதை பம்பாயில் வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிற ஒரு போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அந்தப் போட்டியில் வண்டிகள் ஓடாது, நிற்கும். நடுவர்கள் பானெட்டைத் திறந்து, குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்து மார்க் போடுவார்கள். நிற்கிற வண்டிக்கு என்ன போட்டி என்று நம்மைப் போன்றவர்கள் கேட்கக்கூடாது, அதெல்லாம் பெரிய இடத்து விஷயம்.

ஆகவே எஞ்சினைக் கழற்றி, ஒரு மினி லாரியில் ஏற்றி, தெய்வாத்தாளின் பட்டறைக்கு அனுப்பினார்.

பட்டறை என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு மோட்டார், மோட்டாரின் இரண்டு முனையிலும் துணிச் சக்கரம். அந்தச் சக்கரத்தில் பாலீஷ் சோப்பைத் தேய்த்து, உலோகத்தை அழுத்திப் பிடித்து மின்ன வைக்கிற வேலையை அவள் இருபத்திரண்டு வருஷமாகச் செய்துவந்தாள். முகத்தில் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு, கைரேகையெல்லாம் கறுப்பு ஏறி, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, பம்ப்செட்டின் மூடி என்று என்ன வந்தாலும் மின்ன வைத்து அனுப்பினாள். பெயிண்ட் அடிப்பதிலும் அவளை மிஞ்ச ஆளில்லை, அடித்த இடத்தில் தூசி உட்காரக்கூட யோசிக்கும். வீட்டுக்கு முன்பக்கம் அவள் புருஷன் நஞ்சப்பனின் சலூன். எதிரும் புதிருமாக நான்கு ஆளுயரக் கண்ணாடி, நடுவில் இரண்டு சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் ஒரு ஆள் நாற்பது ஆளாகத் தெரிவான், நாற்பது பேருக்கும் நஞ்சப்பன் ஒரே சமயத்தில் சவரம் செய்வான். அந்தக் கண்ணாடிகளைக் கல்யாணமான வருஷம் இரண்டு பேரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கினார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அவைதான் பிள்ளைகள் என்று நஞ்சப்பன் சொல்வான், தினமும் காலையில் அவற்றைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் காபி குடிப்பான்.

விஜயரங்கன் பட்டறைக்கே வந்தார். எஞ்சினின் தலையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நீள அலுமினிய மூடிகளைத் தட்டிக் காட்டினார்.

"தெய்வாத்தா, இதுல என்ற மொகம் தெரியோணும்."

"தெரியுமுங்க மொதலாளி."

"லேசாத் தெரிஞ்சாப் பத்தாது. மூக்குல இருக்கற மரு தெரியோணும்."

"மருவு சோத்துக்கைப் பக்கந்தானுங்க? மாத்திக் கீத்தித் தெரிஞ்சா என்னயத் திட்டக்கூடாது பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். அப்படி ஒரு வேலைக்காரி அவரைச் சிரிக்க வைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவள் முதலில் பெயிண்டை உரித்தாள். மேலே சிவப்பு, அதன் கீழே பச்சை, அதன் கீழே இன்னொரு சிவப்பு, ஒவ்வொன்றும் மருந்து பட்டுப் பொரிந்து தோலாக எழுந்து வந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தபோது அடியில் அலுமினியம் பூனை நாக்கைப் போலச் சொரசொரவென்று, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. பாவம், இத்தனை வருஷம் கவனிப்பார் இல்லாமல் கிடந்து சீக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். மின்னாததெல்லாம் பழுது என்றுதான் அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தது. பட்டறைக்கு வந்த எதையும் யாரும் மங்கலாக்கித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தச் சொரசொரப்பை எமரித் தாள் போட்டு இழைத்தாள், முரட்டுத் தாளில் தொடங்கி, நயமான தாளுக்கு வந்து, அதையும் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிறகு மோட்டாரைப் போட்டாள்.

முதல் நாள் சாயங்காலம், மூடியின் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் பிறந்தது. அதே நேரத்தில் முன்பக்கம் சலூனில், முதல் கண்ணாடியின் ஒரு மூலை உள்ளங்கை அகலத்துக்கு மங்கியது.

நஞ்சப்பன் பேப்பரை நனைத்துத் துடைத்தான், சுண்ணாம்பு போட்டுத் துடைத்தான், சவர லோஷனைக்கூடக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தான். மறுநாள் மங்கல் முழங்கை அகலமானது. வாடிக்கைக்காரர் ஒருவர் நாற்காலியில் நெளிந்தார்.

"நஞ்சப்பா, என்ற எடது கிருதா எங்கப்பா?"

"உங்க கிட்டத்தானுங்க இருக்குது. கண்ணாடிலதான் இல்லீங்க."

அந்த வாரக் கடைசியில் மூடி ஒன்று முடிந்தது, கண்ணாடி இரண்டு செத்தது. அடுத்த வாரம் இன்னொரு மூடி, இன்னும் இரண்டு கண்ணாடி. அதற்குப் பிறகு வெளிச்சம் வீதிக்குள் போய்த் தேட ஆரம்பித்தது. புகைக்குழாயை அவள் மின்ன வைத்தபோது டீக்கடை டம்ளர்களும் மயிலாத்தாளின் பாத்திரக்கடையில் அடுக்கியிருந்த குடங்களும் சாம்பல் பூசிக்கொண்டன. போல்ட்டுகளுக்கு முலாம் போட்டு வந்து துடைத்தபோது மாரியம்மன் கோயில் மணியும், பெண்களின் மெட்டியும் தாலியும் மூக்குத்தியும் ஈயமா வெள்ளியா, பித்தளையா தங்கமா என்று போட்டிருப்பவளுக்கே சந்தேகம் வரும்படி ஆயின. எஞ்சினின் உடம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி அடித்து, ஐந்தாவது கோட்டில் அது ஈரம் காயாத ரத்தம் போல ஒளிர்ந்த அன்று, உலோகம் எல்லாம் தீர்ந்துபோயிருந்ததால், கத்தரிக்காயும் புளியங்கொட்டையும் எருமையின் முதுகும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் பின்னலும் தங்கள் மினுக்கத்தைக் கொடுத்தன. ஒன்றும் மிச்சமில்லை. செல்போனில் படம் எடுத்து முகம் பார்க்கலாமே என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கண்ணாடியும்தான் போனது. புதுக் கண்ணாடி வாங்கி வந்தவர்களும் உண்டு, வீதிமுனை திரும்பும்போதே அது கரும்பலகையாகிவிட்டது.

வீதி முதலில் பாத்திரம் விளக்கும் பொடிக்காரனைத் திட்டியது. பிறகு குழாய்த் தண்ணீரைத் திட்டியது, ஃபவுண்டரிப் புகையைத் திட்டியது, பூசாரி ஒரு கிடாய் கேட்டார், அதையும் கொடுத்துப் பார்த்தது. கடைசியில் மயிலாத்தாள்தான் கண்டுபிடித்தாள். வாடிக்கையில்லாத கடையில் உட்கார்ந்து யோசிக்க அவளுக்கு நிறைய நேரம் இருந்தது.

"ஏன் தெய்வா, புதங்கெழம நீ மெஷின் போட்டயா?"

"இல்லீங்கக்கா. கரண்டு இல்ல."

"அதான பாத்தேன். புதங்கெழம ஒண்ணுமே மங்கல."

இதைக் கேட்டு யாரும் மூக்கின் மேல் விரல் வைக்கவில்லை. வீதியில் உள்ளது எல்லாம் மெல்ல மெல்ல அந்தக் கொட்டகைப் பக்கமே போய்ச் சேருவது அவர்களுக்குப் பழக்கமான விஷயம். வாய்க்கால் போயிருக்கிறது, பொதுக்கிணறு போயிருக்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடிய பொட்டல் போயிருக்கிறது. இப்போது வெளிச்சம். எப்படிப் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, இதற்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்று மட்டும் கேட்டார்கள். கோயில் மண்டபத்தில் கூடிப் பேசி, ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து, வெள்ளை வேட்டி கட்டி பங்களாவுக்கு அனுப்பினார்கள். அந்த வேட்டியும் வெள்ளையாக இல்லை.

விஜயரங்கன் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஏழு பேருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க வீதி வெளிச்சம் என்ற எஞ்சினுக்கு வந்துருக்குதுன்னா, அது எனக்கு எத்தன பெருமை! நீங்க வேற நான் வேறயா? வேலை முடியட்டும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கொட்டாயைத் தொறந்து உடச் சொல்றேன். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும். வந்து மொகம் பாத்துட்டுப் போங்க. எதையும் தொட மட்டும் வேண்டாம்."

ஏழு பேரும் திரும்பி வரும் வழியெல்லாம் இளநீரைப் பற்றியே பேசினார்கள். எவ்வளவு பெரிய மனுஷன், நம்மிடம் கை குவித்தார் பார்த்தாயா என்று ஒருவர் சொல்ல, மற்ற ஆறு பேரும் அதையே சொன்னார்கள்.

நஞ்சப்பன் அந்த ஏழு பேரில் இல்லை. அன்று மத்தியானம் ஆள் வராத சலூனைச் சாத்திவிட்டு, நேராகப் பின்பக்கம் வந்து மோட்டாரின் சுவிட்சை அணைத்தான். சக்கரம் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை காத்திருந்தான்.

"போதும் புள்ள. நிறுத்திக்க."

"இன்னொரு மூணே நாளுதானுங் மாமா. கடைசி நயம் மட்டும் பாக்கி."

"என்ற நாலு கண்ணாடியும் போச்சு."

"தெரியுமுங்."

"எப்பத் தெரியும்?"

தெய்வாத்தாள் முகத்துத் துண்டை அவிழ்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. இரண்டாவது கண்ணாடி போன அன்றே அவளுக்குத் தெரியும். அந்தக் கண்ணாடிகளின் வெளிச்சத்தில் லேசாக ஒரு நீலம் இருக்கும், இருபது வருஷமாகத் தினமும் பார்த்த நீலம். அது மூடியின் விளிம்பில் ஓடுவதை அவள் பார்த்தாள், பார்த்துவிட்டும் சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்த்தாள். ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய கை என்னவெல்லாம் செய்யும் என்று யாரும் கேட்டதில்லை. குழாய்த் திருகுக்கு எவ்வளவு மினுக்கம் வேண்டுமோ அவ்வளவுதான் கேட்டார்கள், போதும் போதும் சரக்கை ஏற்று என்று அவசரப்படுத்தினார்கள். முதல் தடவையாக ஒருவர் வந்து, போதும் என்று சொல்லாமல், முகம் தெரிய வேண்டும் என்றார். அவளுக்கு அது எப்படி இருந்தது என்று நஞ்சப்பனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவன் கண்ணாடியின் முன்னால் அது எவ்வளவு சின்னது!

"எல்லாம் திரும்பி வந்துருமுங் மாமா," என்றாள். "வேலை முடிஞ்சா நின்னுரும். நின்னாத் திரும்பித்தான வரோணும்?"

"உன்னய ஒண்ணுதான் கேட்டேன். சுவிட்சைப் போடாதேன்னு."

அவன் முன்பக்கம் போய்விட்டான். தெய்வாத்தாள் மூடியிலிருந்த தூளைத் துண்டால் தட்டிவிட்டாள். பிறகு மூடியில் ஒரு கீறல் கண்ணுக்குப் பட்டது, முடியை விட மெல்லிசாக, சக்கரத்தில் ஒரே ஒரு தடவை காட்டினால் போய்விடும். அவள் சுவிட்சைப் போட்டாள்.

அன்றிலிருந்து நஞ்சப்பன் அவளிடம் பேசவில்லை. சண்டை போடவில்லை, தட்டை வீசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் எடுத்துப் போட்டுக்கொண்டான். தினமும் காலையில் நான்கு சாம்பல் பலகைகளையும் முன்போலவே குளிப்பாட்டினான், அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி இல்லாத சலூனுக்கு யார் வருவார்கள்? வந்த இரண்டொருவரும் கத்தி எங்கே போகிறது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு சாமியைக் கும்பிட்டார்கள். பொங்கலுக்குள் கண்ணாடி திரும்பாவிட்டால் கடையை மூடிவிட்டுத் திருப்பூரில் அண்ணன் கடைக்கே கூலிக்குப் போகப்போகிறான் என்று அவன் மயிலாத்தாளிடம் சொல்லி, மயிலாத்தாள் அவளிடம் சொன்னாள். அவளைக் கூட்டிப்போவதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையாம்.

வீதி மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டது. வீதிகள் அப்படித்தான். பெண்கள் ஒருவர் முகத்துக்கு ஒருவர் கண்ணாடியானார்கள். பொட்டு கோணலா, சாந்து கலைந்திருக்கிறதா என்று வாசலில் நின்று கேட்டுக்கொண்டார்கள், பிடிக்காதவளிடம் கேட்டவள் கோணல் பொட்டோடு வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் விடிந்ததும் சீப்பும் சோப்புப் பெட்டியுமாக வரிசை கட்டினார்கள். கொட்டகைக் காவல்காரர் டோக்கன் கொடுத்தார். ஒருவருக்கு எஞ்சின் முன்னால் இரண்டு நிமிஷம். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஐந்து நிமிஷம். முகூர்த்தத்தை வெள்ளிக்கிழமையிலேயே வைத்தார்கள், மணப்பெண்ணைப் பந்தலுக்குக் கூட்டிப்போகும் முன்னால் கொட்டகைக்குக் கூட்டிப்போய் எஞ்சினுக்கு முன்னால் நிறுத்தினார்கள், நிறுத்தியவர்கள் போகிற போக்கில் அதற்கும் ஒரு தேங்காய் உடைத்தார்கள். கவுன்சிலர், டோக்கன் நேரத்தைக் கால் மணி கூட்டித் தருவதாக வாக்குக் கொடுத்து ஜெயித்தார். நம் முகம் இவ்வளவு துலக்கமாக நம் வீட்டுக் கண்ணாடியில் என்றைக்குத் தெரிந்தது என்று கேட்கவும் சிலர் ஆரம்பித்தார்கள்.

தெய்வாத்தாள் அந்த வரிசையில் நிற்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் வண்டி பம்பாய் போனது, பத்தாவது நாள் திரும்பி வந்தது. விஜயரங்கன் தெய்வாத்தாளைக் கொட்டகைக்கு வரச் சொன்னார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அந்த நடுவர் என்ன சொன்னாரு தெரியுமா? பானெட்டைத் தொறந்தாரு, ஒரே பார்வை, மூடீட்டாரு. இத்தாலியில தொழிற்சாலையிலிருந்து வெளிய வந்தப்ப இந்த எஞ்சின் மூடி மின்னவே இல்லையாமா. வார்ப்பு மணலு பட்ட சொரசொரப்போட, மங்கலாத்தான் வந்துச்சாமா. அதுதான் அசலாம். நாம கெடுத்து வெச்சுருக்கறோமாம். மார்க்கே இல்லைன்னுட்டாரு."

தெய்வாத்தாளுக்குப் பூனை நாக்கு ஞாபகம் வந்தது. அவள் கையால், தாள் மேல் தாள் போட்டு, ஒரு பொட்டு விடாமல் இழைத்து எறிந்தது அது.

"நீங்கதானுங்க மொகம் தெரியோணுமுன்னீங்க."

"நான் தொழிலாளியா, நீ தொழிலாளியா? சரி, போனது போகட்டும். கண்ணாடி மணியைக் காத்துல பீச்சி அடிப்பாங்களே, அந்த மெஷினை வரவெச்சுருக்கேன். மங்கடிச்சுரு. பெயிண்டும் வேண்டாம், பழைய சாம்பல் நெறமே இருக்கட்டும். ஒரு எடத்துல மின்னக்கூடாது."

திட்டு வாங்கியவள் அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், தெய்வாத்தாள் ஓடி வந்தாள். கொட்டகையிலிருந்து வீதி வரை, நாற்பத்தாறு வயதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து சலூன் வாசலில் மூச்சு வாங்கினாள்.

"மாமா, மங்கடிக்கச் சொல்லீட்டாருங்! எஞ்சின்ல இருந்து எறக்குனா அது எங்கீங் போகும்? வந்த எடத்துக்குத்தானுங் வரோணும்!"

நஞ்சப்பன் கையிலிருந்த ஈரத் துணியை மடித்து வைத்தான். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசினான்.

"எப்ப?"

"நாளைக்கே."

சேதி பரவியதும் வீதி இரண்டுபட்டது. வெள்ளிக்கிழமை போய்விடுமே என்று ஒரு பாதி விஜயரங்கனிடம் மனு கொடுக்கப் போனது. மங்கடிக்க வேண்டாம், எங்களுக்கு இருக்கிற ஒரே கண்ணாடி அது என்று கெஞ்சியது. எஞ்சின் யாருடையது என்று அவர் கேட்டார், திரும்பி வந்துவிட்டார்கள். மற்ற பாதி தெய்வாத்தாளைச் சூழ்ந்துகொண்டது. அவரவர் வெளிச்சம் அவரவருக்கு வந்துவிடும் என்று அவள் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சத்தியம் செய்தாள். மறுநாள் காலை வீதியே வாசலுக்கு வந்தது. டம்ளர், குத்துவிளக்கு, செம்பு என்று ஆளுக்கொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருவிளக்கு எரியப் போகிற நேரத்துப் பிள்ளைகளைப் போல நின்றார்கள். நஞ்சப்பன் சுழல் நாற்காலியில், நான்கு சாம்பல் பலகைகளுக்கு நடுவில், புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

கொட்டகையில் சிவப்புப் பெயிண்டை உரித்துவிட்டு, பெட்டி போன்ற அந்த மெஷினுக்குள் மூடிகளையும் குழாயையும் போல்ட்டுகளையும் வைத்து, தடித்த கையுறைக்குள் கையை விட்டு, தெய்வாத்தாள் அடிக்க ஆரம்பித்தாள். பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் சீறிக்கொண்டு பாய்ந்தன, பட்ட இடமெல்லாம் வெளிச்சம் செத்தது. அவள் வாழ்க்கையில் செய்த மிக நல்ல வேலையை அவள் கையே அழித்தது. அதற்காக அவள் ஒரு சொட்டும் வருத்தப்படவில்லை. நீல விளிம்பு மறைகிறபோது இதோ முதல் கண்ணாடி, இதோ இரண்டாவது கண்ணாடி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு அடித்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. இரண்டு மூடியும் குருட்டுக் கண்ணைப் போல வெளுத்துக் கிடந்தன. மெஷினின் அடியில் ஒரு வாளித் தூள் சேர்ந்திருந்தது. அவள் அதைக் கைநிறைய அள்ளிப் பார்த்தாள், சாதாரணச் சாம்பல் தூள்.

வீதிக்கு வந்தபோது எல்லோரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். டம்ளர்களும் அப்படியே இருந்தன. யாரும் அவளை ஏசவில்லை, ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நஞ்சப்பன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நேரம் ஆகுமோ என்னமோ," என்றாள் தெய்வாத்தாள். "பொழுதோட வந்தாலும் வருமுங் மாமா."

அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி உடு," என்றான்.

அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக அவன் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

தை மாதத்தில் வண்டி மறுபடி பம்பாய் போனது, மங்கலான எஞ்சினோடு. நடுவர் டார்ச் அடித்துப் பார்த்தாராம், அந்தச் சொரசொரப்பை விரலால் தடவிக் கண் கலங்கினாராம், அசல் என்றால் இதுதான் அசல் என்று முதல் பரிசு கொடுத்தாராம். இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளிக் கோப்பை. ஜெயித்து வந்தவர் நேராக பங்களாவுக்குப் போகாமல், நம் ஜனங்களும் பார்க்கட்டும் என்று கம்பளிக்காரர் வீதி வழியாக ஊர்வலம் வந்தார். சாயங்காலம் நாலு மணி. நஞ்சப்பன் சலூன் கதவில் பூட்டுத் தொங்கவிட்டு, கத்தி கத்தரி போட்ட பையோடு திருப்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தான். தெய்வாத்தாள் வாசலில் நின்றாள். போகாதே என்று சொல்ல அவளுக்கு உரிமை இருப்பதாக அவளே நினைக்கவில்லை.

வண்டி முனை திரும்புவதற்கு முன்பே சுவர்களில் வெளிச்சம் நெளிந்தது. பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் ஓடிய நீலம் சலூனுடையது. மஞ்சள், வீதிப் பெண்களின் தாலியும் குத்துவிளக்கும். அந்த வெள்ளை மயிலாத்தாளின் குடங்கள். நடுவில் எண்ணெய் போல வழிந்தது பிள்ளைகளின் தலைமுடி. எஞ்சினை விட்டு இறங்கியது வீதிக்கு வரவில்லை, பங்களாக்காரர் கையில் அடுத்து என்ன வரும் என்று காத்திருந்து அதில் ஏறிக்கொண்டது. வீதியே மறுபடி வெளியே ஓடி வந்து சூழ்ந்ததில் வண்டி சலூன் வாசலில் நின்றுபோனது.

"தெய்வாத்தா!" என்று விஜயரங்கன் உற்சாகமாகக் கூப்பிட்டார். "பம்பாயில குடுக்கறப்ப இது சாதாரணமாத்தான் இருந்துச்சு. நம்மூரு நெருங்க நெருங்க பாரு, கண்ணைக் கூசுது! அடியில மட்டும் கைரேகை பட்டுருச்சு. சித்தெத் தொடச்சுக் குடு."

கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அது கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. வீதியின் மொத்தப் பளபளப்பும் அவள் இரண்டு கைக்குள் இருந்தது, அவளுடைய நாலு கண்ணாடி அதற்குள் இருந்தது. கீழே போட்டு உடைத்தால் வந்துவிடுமா? தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினால் இத்தனை பேரும் வாசலை மறித்து நிற்க மாட்டார்களா? ஒரே ஒருவர், ஒரே ஒரு குரல், அது நம்முடையது என்று சொன்னால் போதும், அவள் ஓடிவிடுவாள். அவள் கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்துக்குள் பையோடு நின்ற நஞ்சப்பனைப் பார்த்தாள்.

"அக்கா, சித்தெ இக்கட்டால திருப்புங்க்கா," என்று மயிலாத்தாளின் மகள் கத்தினாள். "எங்க மொகமே தெரிய மாட்டேங்குது!"

"எங்களுக்கும்! எங்களுக்கும்!" என்று எல்லோரும் கத்தினார்கள். சீப்புகள் வெளியே வந்தன. பெண்கள் பொட்டைச் சரிசெய்தார்கள், ஆண்கள் கழுத்தை நீட்டினார்கள், இடித்துக்கொண்டார்கள், வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். நஞ்சப்பன் கால் விரலில் எம்பி நின்று, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு விரலால் மீசையை ஒதுக்கினான்.

தெய்வாத்தாள் கோப்பையை அவன் பக்கம் நன்றாகத் திருப்பிப் பிடித்தாள். அவன் ஒதுக்கி முடிக்கும்வரை பிடித்தாள். பிறகு அடியில் வாயால் ஊதி, கைரேகை போகும்வரை முந்தானையால் அழுத்தித் துடைத்து, இரண்டு கையாலும் மொதலாளியிடம் நீட்டினாள்.